கோட்டை யாரைப் பார்த்து நிற்கிறது? நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்து வைத்த கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு துணியில இருந்து ஆரம்பிக்கலாம்.

பேயூ டேப்பஸ்ட்ரி என்று பெயர். சுமார் 70 மீட்டர் நீளமுள்ள லினன் துணி. 1066-ல் நார்மண்டியின் டியூக் வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த கதையை, கிட்டத்தட்ட ஒரு காமிக்ஸ் புத்தகம் மாதிரி, கம்பளி நூலால் படம் படமாகத் தைத்து வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு காட்சி. ஹேஸ்டிங்ஸ் என்ற இடம். ஆட்கள் மண்வெட்டியால் மண்ணை அள்ளி அள்ளிக் குவிக்கிறார்கள். ஒரு மேடு எழும்புகிறது. ரெண்டு பேர் மட்டும் வேலையை விட்டுட்டு, மண்வெட்டியாலேயே ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வில்லியம் அங்கே ஒரு கோட்டை கட்டச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு காட்சி. ஒரு வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். அவளுக்குப் பெயர் எழுதப்படவில்லை. அந்தக் குழந்தைக்கும்தான்.

மண்மேடு ஒன்று, வீடு இழந்த ஒரு பெண். இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க. அடுத்த இருபது வருஷம் இங்கிலாந்து முழுக்க இந்த ரெண்டு காட்சியும்தான் திரும்பத் திரும்ப நடக்கப்போகுது.

ஜெயித்தாச்சு, இனி என்ன?

1066 செப்டம்பர் 28. வில்லியமின் படை இங்கிலாந்தின் தென்கரையில் பெவென்ஸியில் இறங்குகிறது. அங்கே ரோமானியர்கள் விட்டுப்போன ஒரு பழைய கல்கோட்டை இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்து முதல் முகாமைப் பலப்படுத்துகிறார்கள். அடுத்து ஹேஸ்டிங்ஸில் அந்த மண்மேடு. கவனிங்க, பெரிய போர் இன்னும் நடக்கவே இல்லை. அதற்குள் இரண்டு அரண்கள்.

அக்டோபர் 14. ஹேஸ்டிங்ஸ் போர். ஆங்கிலேய மன்னர் ஹரால்ட் களத்திலேயே கொல்லப்படுகிறார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கதை இங்கேயே முடிந்துவிடும். வில்லியம் ஜெயித்தார், டிசம்பர் 25-ஆம் தேதி முடிசூட்டிக்கொண்டார், சுபம்.

ஆனா அந்த முடிசூட்டு விழாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள்ளே, இவரை மன்னராக ஏற்கிறீர்களா என்று கூட்டத்தைக் கேட்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஆமோதிக்கிறார்கள். வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்களுக்கு உள்ளே என்ன சத்தம் என்று புரியவில்லை. கலகம் வெடித்துவிட்டது என்று நினைத்து, சுற்றி இருந்த வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

ஜெயித்தவர்களின் மனநிலை இதுதான். வாழ்த்துச் சத்தம்கூட அவர்கள் காதில் கலகமாக விழுகிறது. பயப்படக் காரணமும் இருந்தது. ஹேஸ்டிங்ஸில் வில்லியமின் படை சுமார் 7,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகை பதினைந்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை. மொழி தெரியாது. ஊர் தெரியாது. யார் நண்பன், யார் எதிரி என்றும் தெரியாது. ஒரு ஊரில் இருபது முப்பது வீரர்களை விட்டுவிட்டுப் போனால், ராத்திரி அவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அந்தக் கேள்விக்கு நார்மன்கள் கண்டுபிடித்த பதில்தான் கோட்டை.

இது வேற மாதிரி சுவர்

கோட்டை என்றதும் உயரமான கற்சுவர், கோபுரம், கொடி எல்லாம் கண்ணுக்கு முன்னாடி வரும். முதல் நார்மன் கோட்டைகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. மண்ணும் மரமும்தான். வட்டமாக ஆழமான அகழி வெட்டு. அந்த மண்ணை நடுவில் குவித்து அடுக்கடுக்காக இடித்துக் கெட்டியாக்கு. மேட்டின் உச்சியில் மரக் கோபுரம். கீழே ஒரு முற்றம். அதில் குதிரைலாயம், தானியக் கிடங்கு, வீரர்கள் தங்கும் இடம். முற்றத்தைச் சுற்றி மரக்கட்டைகளை நெருக்கமாக நட்ட வேலி, வேலிக்கு வெளியே இன்னொரு அகழி. மேட்டுக்கு 'மாட்', முற்றத்துக்கு 'பெய்லி' என்று பெயர். கைதேர்ந்த கல்தச்சர்கள் தேவையில்லை. மண்வெட்டி, கோடாலி, நிறைய ஆட்கள் போதும். அந்த ஆட்கள் யார்? பெரும்பாலும் உள்ளூர் மக்கள்தான். தங்களைக் கண்காணிக்கப்போகும் மேட்டுக்குத் தாங்களே மண் சுமந்தார்கள்.

அப்போ, அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல கோட்டையே இல்லையான்னு கேக்கலாம். அரண்கள் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில், வைக்கிங் தாக்குதல் காலத்தில், மன்னர் ஆல்ஃபிரட் தன் நாட்டில் வரிசையாக அரண் சூழ்ந்த ஊர்களை உருவாக்கினார். 'பர்' என்பார்கள். ஆபத்து வந்தால் சுற்றுவட்டார மக்கள் எல்லாரும் உள்ளே ஓடிவரலாம். சுவருக்கு உள்ளே மக்கள், வெளியே எதிரி.

நார்மன் கோட்டை இதை அப்படியே தலைகீழாக்கியது. சுவருக்கு உள்ளே ஒரு பிரபுவும் அவருடைய வீரர்களும். வெளியே ஊர் மக்கள். அதாவது, இப்போ எதிரியே ஊர்க்காரன்தான்.

இது நான் அழகுக்காகச் சொல்வதில்லை. தரையில் போய்ப் பார்த்தால் தெரியும். லண்டன், லிங்கன், எக்ஸிடர், வின்செஸ்டர் எல்லாம் ரோமானியர்களின் பழைய மதில் சூழ்ந்த நகரங்கள். இந்த நான்கிலும் நார்மன்கள் கோட்டைக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஒரே மாதிரி இருக்கிறது: மதிலின் ஒரு மூலை. வெளிப்பக்கத்துக்குப் பழைய மதிலே போதும். அவர்கள் புதிதாக அகழி வெட்டி வேலி போட்ட பக்கம், ஊரைப் பார்த்த பக்கம். லண்டனில் தென்கிழக்கு மூலையில் அப்படி ஆரம்பித்த அரணுக்குள்தான் 1070-களில் ஒயிட் டவர் என்ற பெரிய கல்கோபுரம் எழும்பத் தொடங்கியது. இன்றைக்கு உலகமே போட்டோ எடுக்கும் டவர் ஆஃப் லண்டன் அதுதான்.

ஒரு கோட்டை போதாது

ஒற்றைக் கோட்டையைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டால் அது விழுந்துவிடும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்? அங்கிருந்து குதிரைவீரர்கள் உதவிக்கு வருவார்கள். அதனால்தான் வில்லியமின் ஆட்கள் கோட்டைகளை ஒரு வலை மாதிரி பின்னினார்கள். ஆற்றைக் கடக்கும் இடம், பழைய ரோமானிய சாலை, துறைமுகம், சந்தை கூடும் ஊர் என்று முடிச்சுப் போட்டது மாதிரி.

1068-ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கில் எக்ஸிடர் நகரம் வில்லியமுக்குப் பணிய மறுக்கிறது. 18 நாள் முற்றுகை. ஊர் பணிந்ததும் உள்ளே கோட்டை. அதே வருடம் வடக்கே கலகம் என்று செய்தி. வில்லியம் படையோடு கிளம்புகிறார். போகும் வழியில் வாரிக்கில் ஒரு கோட்டை, நாட்டிங்ஹாமில் ஒன்று, யார்க்கில் ஒன்று. திரும்பி வரும் வழியில் லிங்கன், ஹன்டிங்டன், கேம்பிரிட்ஜ். ஒரே பயணம், ஆறு கோட்டைகள். மேப்பில் அந்தப் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள், லண்டனிலிருந்து வடக்கே போய் இன்னொரு பாதையில் திரும்பி வரும் ஒரு வளையம் கிடைக்கும்.

தெற்கே சஸெக்ஸில் இன்னும் ஒழுங்கான திட்டம். கடற்கரையிலிருந்து உள்நாடு வரை நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நம்பிக்கையான பிரபு, ஒரு கோட்டை: ஹேஸ்டிங்ஸ், பெவென்ஸி, லூயிஸ், பிராம்பர், ஆரண்டல். நார்மண்டிக்குப் போகும் கடல்வழி முழுக்கக் கைக்குள். மேற்கே வேல்ஸ் எல்லையில் செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஹெரிஃபோர்ட் மூன்றையும் மையமாக வைத்து இன்னொரு வரிசை.

இந்தக் கோட்டைக்குள்ளே தினமும் போரா நடந்தது? இல்லை. பெரும்பாலான நாட்களில் அது ஒரு ஆபீஸ். மாவட்டத் தலைநகர்களில் மன்னரின் அதிகாரியான ஷெரிஃப் அங்கே உட்கார்ந்திருப்பார். வரி அங்கே போய்ச் சேரும். வழக்கு விசாரணை அங்கே. சிறையும் அங்கேதான். வரி கட்டாத கிராமத்துக்குப் பத்துக் குதிரைவீரர்கள் காலையில் கிளம்பிப் போய்விட்டுச் சாயங்காலம் பத்திரமாகத் திரும்பிவிடலாம். மன்னரிடமும் பிரபுவிடமும் நிலம் வாங்கிய நைட்டுகள் முறை வைத்துக் கோட்டைக் காவலுக்கு வந்தார்கள். நிலம், வரி, காவல் மூன்றும் ஒரே மேட்டில் வந்து முடிந்தன.

டர்ஹமும் யார்க்கும்

கோட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 1069 ஜனவரி. ராபர்ட் டி கோமின் என்பவரை நார்தம்பிரியாவின் ஏர்ல் ஆக்கி வடக்கே அனுப்புகிறார் வில்லியம். நூற்றுக்கணக்கான வீரர்களோடு டர்ஹம் நகருக்குள் போகிறார். எதிர்ப்பு கூடுகிறது, ஜாக்கிரதை என்று அந்த ஊர் பிஷப் எச்சரிக்கிறார். இவர் கேட்கவில்லை. அங்கே கோட்டையும் கிடையாது, வீரர்கள் ஊர் வீடுகளில்தான் தங்குகிறார்கள். விடிவதற்குள் ஊருக்குள் புகுந்த ஆங்கிலேயர்கள் தெருத்தெருவாக வீரர்களைக் கொன்றார்கள். ராபர்ட் தங்கியிருந்த பிஷப் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் அதிலேயே செத்துப்போனார்.

டர்ஹமில் கோட்டை வந்தது 1072-ல்.

சரி, கோட்டை இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? அங்கதான் யார்க் வருது. டர்ஹம் சம்பவத்துக்குக் கொஞ்ச நாளிலேயே யார்க்கிலும் கலகம். ஆனால் அங்கே கோட்டைக்குள் இருந்த காவல்படை தாக்குப்பிடித்தது. மன்னருக்கு அவசரச் செய்தி போனது. வில்லியம் எதிர்பாராத வேகத்தில் வந்து கலகக்காரர்களைச் சிதறடித்தார். எட்டு நாள் அங்கேயே தங்கி, ஊஸ் ஆற்றின் அடுத்த கரையில் இரண்டாவது கோட்டையையும் எழுப்ப வைத்தார். இப்போது ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கோட்டை. வலை வேலை செய்தது.

செப்டம்பரில் அறுந்தது. டென்மார்க்கிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்தன. ஆங்கிலேயக் கலகக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோட்டையைச் சுற்றி இருக்கும் வீடுகளைப் பிரித்து அகழியை நிரப்பிவிடுவார்களோ என்று காவல்படைக்குப் பயம். அதனால் அந்த வீடுகளுக்கு அவர்களே தீ வைத்தார்கள். தீ அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. நகரத்தின் பெரும்பகுதியும் யார்க்கின் பேராலயமும் எரிந்தன. இரண்டு நாளில் இரண்டு கோட்டைகளும் விழுந்தன. காவல்படையில் பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள்.

அதற்கு வில்லியம் கொடுத்த பதிலை ஆங்கிலத்தில் 'ஹாரியிங் ஆஃப் த நார்த்' என்று சொல்கிறார்கள். வடக்கைச் சூறையாடிய நிகழ்வு. 1069 கிறிஸ்துமஸை எரிந்து கிடந்த யார்க்கில் கொண்டாடினார் மன்னர். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய வீரர்கள் கிராமம் கிராமமாகப் போய் வீடுகளை, தானியத்தை, கால்நடைகளை, ஏர்க்கருவிகளைக்கூட அழித்தார்கள். மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி பிறகு எழுதினார். இடைக்கால எழுத்தாளர்கள் தரும் எண்ணை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பதினாறு வருடம் கழித்து எடுத்த அரசுக் கணக்கிலேயே யார்க்‌ஷயரின் ஏராளமான கிராமங்கள் 'பாழ்' என்றுதான் பதிவாகியிருக்கின்றன.

இந்த ஆர்டெரிக் முக்கியமான சாட்சி. 1075-ல் ஷ்ரூஸ்பரி பக்கத்தில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஆங்கிலேயர். பத்து வயதில் நார்மண்டியில் ஒரு மடத்துக்கு அனுப்பப்பட்டவர். வில்லியமைப் பல இடங்களில் புகழ்கிற அவரே, இந்த ஒரு செயலைத் தன்னால் புகழ முடியாது என்று எழுதிவிட்டார். நார்மன்கள் ஏன் ஜெயித்தார்கள் என்பதற்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் வீரத்தில் குறைந்தவர்கள் இல்லை, அவர்களிடம் கோட்டைகள் மிகக் குறைவாக இருந்தன, அதனால்தான் எதிர்த்து நிற்க முடியவில்லை என்பது அவர் கணிப்பு.

கணக்குப் புத்தகத்தில் ஒரு குமுறல்

1086-ல் வில்லியம் நாடு முழுக்க ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எவ்வளவு வரி. அதுதான் டூம்ஸ்டே புத்தகம். மன்னருக்காக எழுதப்பட்ட வறட்டுக் கணக்கு. ஆனா அந்தக் கணக்குக்குள்ளதான் நம்ம கதையோட நிஜமான விலை இருக்கு.

லிங்கன்: கோட்டைக்காக அழிக்கப்பட்ட வீடுகள் 166. நாரிச்: கோட்டை எடுத்துக்கொண்ட மனைகள் 98. கேம்பிரிட்ஜ்: 27 வீடுகள். யார்க்: நகரத்தின் ஏழு பகுதிகளில் ஒரு முழுப் பகுதி கோட்டைகளுக்காகப் பாழாக்கப்பட்டது.

166 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. அது 166 குடும்பங்களின் அடுப்பு. கொல்லைப்புறம். பட்டறை. அவர்களுக்கு மாற்று இடம் கொடுத்ததாக அந்தக் கணக்கில் எதுவும் இல்லை.

ஷ்ரூஸ்பரியில் மட்டும் எழுத்தர்கள் ஒரு புகாரையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். போருக்கு முன் அந்த ஊரில் 252 வீடுகள். அவற்றில் 51 மனைகளை ஏர்லின் கோட்டை விழுங்கிவிட்டது. இன்னொரு 50 பாழாகக் கிடக்கிறது. 43 மனைகளில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிவிட்டார்கள், அவர்கள் வரி கட்டுவதில்லை. ஆனால் ஊருக்கு விதித்த மொத்த வரி பழைய மன்னர் எட்வர்ட் காலத்தில் இருந்த அதே தொகை. மிச்சம் இருக்கிற ஆங்கிலேயர்கள்தான் முழுசாகக் கட்ட வேண்டும். இது எங்களுக்கு ரொம்பப் பாரமாக இருக்கிறது என்கிறார்கள் அவர்கள்.

இடிக்கப்பட்ட வீட்டுக்கும் சேர்த்து வரி, இடித்தவனுக்கே கட்ட வேண்டும். வாள் எடுத்த யாருடைய குரலும் இது இல்லை. கடை நடத்தி, தொழில் செய்து, வரி கட்டும் சாதாரண ஊர்க்காரர்கள். தொள்ளாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் அவர்களுடைய குமுறல் நமக்குக் கேட்கிறது என்றால், அதற்குக் காரணம் அவர்களைக் கணக்கெடுத்த அதே அரசாங்கம்தான்.

வலை திருப்பி விழுந்தபோது

1100-ஆம் ஆண்டுக்குள் இங்கிலாந்தில் குறைந்தது 500 கோட்டைகள் எழும்பியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனா இங்க ஒரு சிக்கல். கோட்டைக்கு, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது.

1075-ல் மூன்று ஏர்ல்கள் வில்லியமுக்கு எதிராகச் சதி செய்தார்கள். அதில் ஒருவர் ரால்ஃப். அவர் கடல் தாண்டித் தப்பிவிட்டார். அவருடைய மனைவி எம்மா நாரிச் கோட்டைக்குள் இருந்துகொண்டு மன்னரின் படையைச் சுமார் மூன்று மாதம் தடுத்து நிறுத்தினார். கடைசியில் உயிருக்குப் பாதுகாப்பு என்ற உறுதி வாங்கிய பிறகே வெளியே வந்தார். ஊரை அடக்கக் கட்டிய கோட்டை மன்னரையே வாசலில் நிறுத்தியது. 1088-ல் வில்லியமின் தாய்க்குப் பிறந்த தம்பி ஓடோ, வில்லியமின் மகனுக்கு எதிராக ராச்செஸ்டரில் அதையே செய்தார்.

மன்னர் ஸ்டீபன் காலத்தில், 1135-லிருந்து 1154 வரை, மன்னர் பதவிக்கே சண்டை. மேலே பிடிமானம் போனதும் ஒவ்வொரு பிரபுவும் தன் இஷ்டத்துக்குக் கோட்டை கட்டினார். அந்தக் காலத்தை நேரில் பார்த்து எழுதிய பீட்டர்பரோ மடத்துக் குறிப்பேடு, மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துப்போய்க் கோட்டை கட்ட வைத்ததையும், பணம் கேட்டு அதே கோட்டைகளில் அடைத்துச் சித்திரவதை செய்ததையும் விவரிக்கிறது. அடுத்து வந்த இரண்டாம் ஹென்றி அனுமதியில்லாமல் கட்டிய கோட்டைகளை இடிக்க உத்தரவிட்டார். நூறு வருடத்துக்கு முன் மன்னரின் பலமாக இருந்தது, இப்போது மன்னருக்கே தலைவலி.

மேடு இன்னும் இருக்கு

நீங்க என்னைக்காவது யார்க் போனீங்கன்னா, நகரத்துக்கு நடுவில் ஒரு பச்சைப் புல்மேடும் அதன் மேல் கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற கல்கோபுரமும் இருக்கும். கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தது. கீழே இருக்கும் மேடு நார்மன்கள் எழுப்பியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்கள் மூடிய இன்னொரு மேடு, பெய்ல் ஹில். அது இரண்டாவது கோட்டை. டூரிஸ்டுகள் படியேறி மேலே போய் செல்ஃபி எடுக்கிறார்கள். வியூ பிரமாதமாக இருக்கும். இருக்கத்தான் செய்யும். ஊரில் எல்லாருடைய கூரையும் தெரிய வேண்டும் என்றுதானே அவ்வளவு உயரத்துக்கு மண்ணைக் குவித்தார்கள்.

வில்லியம் 1087-ல் இறந்தபோது, அதே பீட்டர்பரோ குறிப்பேடு அவருடைய வாழ்க்கையை மதிப்பிட்டது. நாட்டில் அமைதியை நிலைநாட்டியவர் என்று அவருக்கு உரிய பெருமையைக் கொடுத்தது. கூடவே, அவர் கோட்டைகள் கட்டவைத்ததையும் ஏழைகள் நசுக்கப்பட்டதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னது. அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு அது இரண்டு தனித்தனி விஷயமாகத் தெரியவில்லை.

அதனால அடுத்த தடவை எந்த ஊர்ல கோட்டையைப் பார்த்தாலும், யார் கட்டினது, எப்போ கட்டினதுன்னு கேக்கறதோட நிறுத்திடாதீங்க. அகழி எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. வெளியிலிருந்து வரும் எதிரியைப் பார்த்தா, இல்லை பக்கத்துத் தெருவைப் பார்த்தா? அப்புறம், அந்த இடத்துல முன்னாடி எத்தனை வீடு இருந்துச்சுன்னும் கேளுங்க. ஷ்ரூஸ்பரியில அதுக்குப் பதில் இருக்கு: 51.

இன்னொரு எபிசோட்ல பார்க்கலாம்.